வேலைக்குச் செருப்போடு போகலாமா?

கொழும்பில் படிப்பை முடித்து, யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலைக்குச் சேரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு நாளும் சப்பாத்துத்தான் போடவேணுமா? இந்த வெக்கைக்குச் செருப்போடு போனால் மரியாதைக் குறைவா? கோயில், கலியாண வீடு, செத்த வீடு, கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று போகிற இடங்களுக்கு எது சரி?"

முதலில் நேரடி விடை. முதற் கிழமை மூடிய சப்பாத்தோடு போங்கள். கறுப்பு அல்லது கடும் மண்ணிறம், நாடா இல்லாதது. அந்தக் கிழமைக்குள் உங்களுக்கு மேலே உள்ளவர்களின் காலில் என்ன இருக்கிறது, வாசலில் எத்தனை சோடி கழற்றிக் கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பின்வார் வைத்த தோற்செருப்போடு வந்தால் இரண்டாம் கிழமையிலிருந்து நீங்களும் அப்படி வரலாம். வங்கிக்கோ வாடிக்கையாளரின் நிறுவனத்துக்கோ கணக்குப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் சப்பாத்து. விரலிடுக்கில் வார் பூட்டிய இறப்பர் பாட்டா எந்த நாளும் வேண்டாம்.

நாடா இல்லாததைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நிறைய அலுவலகங்கள் வீடுகளாக இருந்தவை. விறாந்தையில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பல டிஸ்பென்சரிகள், ரியூசன் நிலையங்கள், கணினி வகுப்புகளிலும் அதே நடைமுறைதான். யாழ் பொது நூலகத்துக்குப் போனாலும் வாசலில் பாதணியைக் கழற்ற வேண்டும். கொழும்பில் காலையில் கட்டிய நாடாவை இரவில்தான் அவிழ்ப்பீர்கள். இங்கே ஒரு நாளில் நாலைந்து தரம் அவிழ்க்க வேண்டி வரும். அவசரத்தில் நாடாவை அவிழ்க்காமல் குதியை மிதித்துக் கழற்றினால், இரண்டு மாதத்தில் சப்பாத்தின் பின்பக்கம் மடிந்து சப்பையாகிவிடும். பிறகு அது சப்பாத்துமில்லை, செருப்புமில்லை. அந்தக் கோலத்தில் வருவதைவிட நல்ல செருப்பு நூறு மடங்கு மேல்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் சப்பாத்தா செருப்பா என்று பார்ப்பதற்கு முன் வாசற்படியைப் பார்க்க வேண்டும். கழற்ற வேண்டிய இடமென்றால் சுலபமாகக் கழன்று, கழற்றி வைத்தபின்னும் பார்க்கச் சுத்தமாக இருப்பதே மரியாதை. கழற்றாத இடமென்றால் நிலத்தையும் வேலையையும் பாருங்கள்.

சொற்களைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். இங்கே "பாட்டா" என்பது ஒரு கொம்பனியின் பெயராக இருந்தாலும், எந்தக் கொம்பனி செய்தாலும் விரலிடுக்கில் வார் பூட்டிய இறப்பர் செருப்பையே எல்லோரும் அப்படிச் சொல்கிறோம். அது கிணற்றடி, வளவு, ஒழுங்கை முனைக் கடை ஆகியவற்றுக்கான சாமான். தோலில் அல்லது தோல் போன்ற றெக்சினில் செய்த, பின்வார் இல்லாத செருப்பு வேட்டிக்கும் சாரிக்கும் பொருந்தும். பின்வார் வைத்ததைச் சாண்டில்ஸ் என்கிறோம். என் கணிப்பில் இந்த ஊரின் வெயிலுக்கும் மணலுக்கும் வாசல்களுக்கும் மிகத் திறமான வேலைப் பாதணி அதுதான். கன்வஸ், ஸ்போர்ட்ஸ் சப்பாத்து வகை வேறு. சுத்தமாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் மென்பொருள் நிறுவனம், அச்சகம், கடை போன்ற இடங்களில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். வங்கிக் கவுண்டருக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் அது பொருந்தாது.

பாட்டாவை வேலைக்கு வேண்டாம் என்பது அந்தஸ்துப் பேச்சு அல்ல. அதன் அமைப்பே அதற்குக் காரணம். ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முன்வாரின் அடியில் ஒரு குமிழ் இருக்கும், அது அடித்தட்டின் துளைக்குள் இறங்கி நிற்கும். இழுவையில் பெரும்பகுதி அந்த ஒரு குமிழில்தான். நாளாக ஆகத் துளை பெருக்கும், குமிழ் தேயும், ஒருநாள் படியில் ஏறும்போது வார் மேலே கழன்று வரும். எங்கள் ஊர் வைத்தியம் குமிழுக்கு மேலே வாருக்குக் குறுக்கே ஒரு சேப்டி பின்னைக் குத்துவது. அந்தச் சேப்டி பின் வீட்டு ரைல்ஸைக் கீறும், ஒரு நாள் விரிந்து காலையும் குத்தும். வளவுக்குள் ஒரு கிழமைக்குச் சமாளிக்கலாம், அதோடு ரவுணுக்கு வராதீர்கள். அடிப்பக்க வரிகள் தேய்ந்து மழமழவென்றாகிவிட்டால் சேப்டி பின்னும் வேண்டாம், எறிந்துவிடுங்கள். தேய்ந்த பாட்டாவும் ஈர ரைல்ஸும் சேர்ந்த இடத்தில்தான் ஆட்கள் இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். சிவப்புச் சீமெந்து நிலங்களை ரைல்ஸாக மாற்றிய அலுவலகங்கள் மாரி காலத்தில் வாசலில் ஒரு நீளமான கால்மிதி போடவேண்டும், இரண்டு காலும் இரண்டு தரம் பதியக்கூடிய நீளத்துக்கு. சின்னச் சதுரத் துண்டை எல்லோரும் தாண்டித்தான் போவார்கள்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருபவர்கள் இதையும் கவனியுங்கள். சந்தியில் நிற்கும்போது காலை நிலத்தில் ஊன்றினால் பின்வாரில்லாத செருப்பு பின்னால் தங்கிவிடும், கால் மட்டும் திரும்பி வரும். வலப்பக்கச் செருப்பு பிரேக் மிதியில் சறுக்கினால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. பின்வார் வேண்டும், அல்லது சப்பாத்து. சப்பாத்தில் இன்னொரு பிரச்சினை: கியரை மேலே தட்டித் தட்டி இடது சப்பாத்தின் மேற்தோலில் பெருவிரலுக்கு மேலே ஒரு கறுத்த தடம் விழும். எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அது போகாது. கியர் கம்பியில் மாட்டும் இறப்பர் உறை மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதைப் போட்டால் சப்பாத்தின் ஆயுள் கூடும். ஸ்கூட்டியில் சாரியோடு போகும் பெண்கள் உயரக் குதியை ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டைச் செருப்போடு ஓட்டிப்போய் அங்கே மாற்றுவது நல்லது. ஆனால் சாரி கட்டும்போது, நாள் முழுக்க எதைப் போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். 5 சென்ரிமீற்றர் குதியோடு அளவெடுத்துக் கட்டிய சாரி, தட்டைச் செருப்புக்கு மாறியதும் நிலத்தில் இழுபடும். படியில் கொசுவத்தை மிதித்து விழுவது அப்படித்தான். நாள் முழுக்க நிற்கும் ஆசிரியைகளுக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் அகலக் குதியும் பின்வாரும் போதும்.

அரச அலுவலகங்களில் உத்தியோகத்தர்கள் லோங்ஸோடு சப்பாத்து அல்லது நல்ல சாண்டில்ஸ் போடலாம். வெளிக்களத்துக்குப் போகும் கிராம சேவையாளர், குடும்பநல உத்தியோகத்தர், கடன் அறவிடப் போகும் ஊழியர் போன்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்து வீட்டுப் படலையைத் திறப்பவர்கள். பின்வாரில் ஒட்டுப்பட்டி உள்ள சாண்டில்ஸ் அவர்களுக்கு வசதி. நீதிமன்றத்துக்கு வழக்காளியாகவோ சாட்சியாகவோ போனால் பாட்டாவும் அரைக் காற்சட்டையும் வேண்டாம். வீட்டில் இருப்பதில் நல்ல செருப்பைப் போடுங்கள், போதும்.

இதோடு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதணி ஒழுங்கு வேலை செய்பவருக்கானது, வேலையாக வருபவருக்கானதல்ல. தோட்டத்திலிருந்து அப்படியே பாட்டாவோடு வங்கிக்கோ பிரதேச செயலகத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ வரும் ஒருவரை வாசலில் வைத்து மேலும் கீழும் பார்ப்பதும், "சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவதும் பெரிய அநியாயம். அவர் ஒரு நேர வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரது காலில் செம்மண் இருந்தால் கால்மிதி போடுவது அலுவலகத்தின் பொறுப்பு. அதேபோல் துணிக்கடைகளில் விற்பனைப் பிள்ளைகளை வெறுங்காலோடு ரைல்ஸில் காலை முதல் இரவு வரை நிற்க விடுவதும் சரியில்லை. குதிவலி அங்கேதான் தொடங்குகிறது. கடைக்குள் மட்டும் போடும் மெத்தை வைத்த செருப்பு ஆளுக்கொரு சோடியும், பணம் வாங்கும் இடத்திலும் துணி வெட்டும் மேசையடியிலும் ஒரு இறப்பர் விரிப்பும் முதலாளிக்குப் பெரிய செலவல்ல.

எந்தச் சூழலிலும் செருப்பு ஆகாத வேலைகளும் உண்டு: வெல்டிங், கட்டட வேலை, கராஜ், இரசாயன ஆய்வுகூடம், சுடுஎண்ணெய்ச் சட்டி நிற்கும் குசினி. வெல்டிங் பொறி விரலிடுக்கில் விழுந்தால் தோல் வெந்துவிடும். கன்வஸ் போட்டாலும் துணி பற்றும், அங்கே தோற்சப்பாத்துத்தான். கட்டட வேலைக்கு முன்பக்கம் இரும்பு வைத்தது. இவற்றில் வெக்கை ஒரு நியாயமாகாது.

வயலும் வெள்ளமும் இன்னொரு கணக்கு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களை எடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் ஏறும். செருப்புப் போட்டுக்கொண்டு வெள்ளத்தில் நடப்பது இதற்குப் பாதுகாப்பே இல்லை, தண்ணீர் காலைச் சுற்றித்தான் நிற்கிறது. முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ் வேண்டும். அதற்குள்ளும் தண்ணீர் போய்விட்டால் கழற்றிக் கவிழ்த்து, காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தினமும் வயலில் இறங்குபவர்கள் தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். இரவில் வளவுக்குப் போகவும் திறந்த செருப்பு வேண்டாம். புடையனும் சுருட்டையும் கொத்துவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். ரோச்சும் மூடிய பாதணியும் சேர்ந்து போகவேண்டும்.

பொது இடங்களில் கோயிலைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை என்று நினைப்போம், ஆனால் பிழை விடுவது எங்கே கழற்றுவது என்பதில். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிவீதியே கோயிலாகிவிடும். மணல் பரப்பிய வீதிக்குள் கால் வைக்கும் முன்பே கழற்ற வேண்டும், வாசலில் அல்ல. புதுச் செருப்போடு போகாதீர்கள், ஆயிரக்கணக்கில் கிடக்கும் இடத்தில் மாறிப் போவது களவால் மட்டுமல்ல, ஒரே மாதிரி இருப்பதாலும்தான். வாருக்குள் ஒரு நிற நூலைக் கட்டிவிட்டால் உங்களுடையதை உடனே கண்டுபிடிக்கலாம். நயினாதீவுக்குப் போவதென்றால் நாகபூசணி அம்மன் கோயிலிலும் விகாரையிலும் கழற்ற வேண்டும். குறிகட்டுவானில் படகில் ஏறும்போதோ ஈரத் துறையில் பிடிப்புள்ள இறப்பர் அடி வேண்டும். தோல் அடி சறுக்கும். கழற்றச் சுலபமான, நனைந்தாலும் பரவாயில்லாத பின்வார்ச் சாண்டில்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். பள்ளிவாசலிலும் கழற்ற வேண்டும். தேவாலயத்தில் முன்னால் போகிறவர்களைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்.

கலியாண வீட்டுக்கு வேட்டியென்றால் செருப்பு. வேட்டிக்குச் சொக்ஸும் சப்பாத்தும் போடுவது வடிவில்லை. மணவறையில் ஏறி அறுகரிசி போட வேண்டியவர் கழற்றித்தான் ஏறவேண்டும், ஆகவே லோங்ஸ் போட்டாலும் நாடாச் சப்பாத்து இடைஞ்சல். மேடையில் ஏறும்போது சொக்ஸில் ஓட்டை இருந்தால் வீடியோவில் அதுதான் விழும். செத்த வீட்டுக்குப் புதுசு போடாதீர்கள். பந்தலுக்கு வெளியே ஓரமாகக் கழற்றுங்கள், பிரேதத்தைத் தூக்கும்போது ஆட்கள் பின்பக்கமாக நடந்து வருவார்கள், நடைபாதையில் கிடக்கும் செருப்பு அவர்களைத் தடக்கி விழுத்தும்.

சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒழுங்குகளில் எதுவும் பொருந்தாமல் போகலாம். நரம்பு உணர்ச்சி குறைந்த காலுக்குச் செருப்பு கழன்று போனதே தெரியாது, நடுப்பகல் வீதி மணல் சுடுவதும் தெரியாது. கொப்புளம் வந்தபிறகுதான் காண்பார்கள், அது புண்ணாகும். விரலிடுக்கு வார் அவர்களுக்குக் கூடாது. முன்பக்கம் அகலமான, உள்ளே தையல் உறுத்தாத, பின்வார் உள்ள பாதணி வேண்டும். வாங்கப் போகுமுன் ஒரு கடதாசியில் நின்றுகொண்டு பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுங்கள். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் வரையுங்கள். அந்தக் கடதாசியைப் பாதணிக்குள் வைத்தால் எங்கும் மடங்கக்கூடாது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் மிஞ்ச வேண்டும். போடும் முன் ஒவ்வொரு தரமும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கோயிலுக்கு விடியப்புறமோ பொழுதுபட்ட பிறகோ போகட்டும். பிரதட்டை செய்வதாக நேர்ந்திருந்தாலும் கடவுள் சுடாத நேரத்தையும் ஏற்றுக்கொள்வார். அலுவலகத்தில் சப்பாத்துக் கட்டாயம் என்றாலும், வெறுங்காலோடுதான் உள்ளே வரவேண்டும் என்றாலும், இவர்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும்.

செயற்கைக் கால் பொருத்தியவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. அவர்களிடம் "எல்லோரும் ஒரே மாதிரிச் சப்பாத்து" என்று நிற்காதீர்கள். செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குச் சரிபார்த்தே பொருத்தப்படுகிறது. ஒரு சென்ரிமீற்றர் கூடினாலே முழங்கால் முன்னால் தள்ளும், குறைந்தால் பின்னால் இழுக்கும், நாள் முடிவில் இடுப்பு நோகும். புதுச் சோடி வாங்கினால் பழைய சோடியின் குதியோடு பக்கத்தில் வைத்து அளந்தே வாங்க வேண்டும்.

இனிப் பராமரிப்பு. இங்கே பாதணியைக் கெடுப்பவை மூன்று: செம்மண், மாரி ஈரம், அலுமாரி. சுன்னாகம், கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் கன்வஸில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டி உதிர்த்தபின் கழுவுங்கள். மிஞ்சும் செங்கறை இரும்புக்கறை. அதற்குக் குளோரின் போட்டால் வெள்ளை மஞ்சளாகும், கறை போகாது. தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி 20 நிமிடம் விட்டு அலசினால் இளகும். மாரியில் நனைந்த தோற்சப்பாத்துக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து, நிழலில் ஒரு முழு நாள் விடுங்கள், பேப்பரை ஒருதரம் மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். அதனால்தான் வேலைக்கு இரண்டு சோடி வேண்டும், ஒன்று காய ஒன்று போட. பூஞ்சணம் பிடித்தால் வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, காயவைத்து, பொலிஷ் போடுங்கள். பாரமில்லாத பஞ்சு போன்ற செருப்புகளை உச்சி வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சுருங்கி ஒரு அளவு குறைந்துவிடும்.

அலுமாரிதான் பலர் அறியாத எதிரி. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சொந்தக்காரர் கொண்டுவந்த சப்பாத்தை "நல்லநாள் பெருநாளுக்கு" என்று பெட்டிக்குள் பூட்டி வைப்போம். மூன்று நாலு வருசத்துக்குப் பிறகு கலியாண வீட்டுக்கு எடுத்துப் போட்டால், மண்டப வாசலிலேயே அடித்தட்டு கேக் துண்டுபோல உதிர்ந்து கொட்டும். சாமான் போலியென்று நினைப்பார்கள், போலியில்லை. பொலியூரத்தேன் அடித்தட்டு காற்றிலுள்ள ஈரத்தோடு தாக்கமடைந்து உள்ளிருந்தே உக்கிப் போகிறது. போடாமல் வைத்தால் அது நிற்பதில்லை. பொலித்தீன் பைக்குள் ஈரத்தோடு கட்டி வைத்தால் இன்னும் மோசம். விசேடத்துக்கு ஒரு கிழமை முன்னரே எடுத்துக் குதியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டினாலோ, நகம் பதிந்து திரும்பாமல் நின்றாலோ, மடிக்கும்போது மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ அதை நம்பி வீட்டைவிட்டு வெளிக்கிடாதீர்கள். வெளிநாட்டுச் சப்பாத்தை வந்த மாதத்திலேயே போடத் தொடங்குங்கள், அதற்காகத்தான் அனுப்பினார்கள்.

புதிதாக வாங்கும் பசையொட்டிய சப்பாத்தை, முதல் மழைக்கு முன், செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து அடித்தட்டைச் சுற்றிவரத் தைப்பித்துக்கொள்ளுங்கள். நைலோன் நூலால் தைக்கச் சொல்லுங்கள், பருத்தி நூல் மாரியில் உக்கும். தையல் அடித்தட்டின் பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் தார் ரோட்டில் ஒரே மாதத்தில் அறுந்துவிடும். தைத்து முடித்ததும் உள்ளே கைவிட்டுத் தடவி, நூல் முடிச்சு குதிக்குக் கீழே வராமல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.